இரண்டாவது விசாவை முதலில் படியுங்கள்

இணையராக வெளிநாடு செல்லவிருக்கும் ஆய்வு மாணவர்கள் விசா வழியைத் தேர்ந்தெடுக்கும் முறை அடிப்படையிலேயே பிழையானது என்பதே இப்பதிவின் வாதம். இருவரில் யாருக்கு முதலில் பணி ஆணை வருகிறதோ அவர் முதன்மை விண்ணப்பதாரர் ஆகிறார். மற்றவர் ‘டிபென்டென்ட்’ ஆகிறார். முதலாமவரின் விசா எவ்வளவு விரைவாகக் கிடைக்கும், எத்தனை ஆண்டுகளுக்குச் செல்லும், நிரந்தர வசிப்புரிமைக்கு இட்டுச் செல்லுமா என்பன மட்டுமே அலசப்படுகின்றன. இரண்டாமவரின் விசா எதை அனுமதிக்கிறது, எதை மறுக்கிறது என்பதைப் பெரும்பாலோர் விமானச் சீட்டு வாங்கிய பிறகே படிக்கின்றனர். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்கிறேன். இரண்டாவது விசாவை முதலில் படியுங்கள். அது ஏற்கத்தக்கது என்று இருவரும் ஒப்பினால் மட்டும் முதல் விசாவைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.

இதை எழுதத் தூண்டியது அண்மையில் நான் கலந்துகொண்ட ஒரு வழிகாட்டுக் கூட்டம். எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையற்றது. எல்லா இடங்களிலும் இதுவே நடக்கிறது. முதுமுனைவர் ஆய்வுக்கு வெளிநாடு செல்வது எப்படி என்று இரண்டு மணி நேரம் பேசினார்கள். அதில் இணையரைப் பற்றி இடம்பெற்றது ஒரே ஒரு வரி: “குடும்பத்தையும் உடன் அழைத்துச் செல்லலாம்.” ஒரு மாணவி எழுந்து, “அழைத்துச் செல்லப்படுபவர் அங்கே வேலை பார்க்கலாமா, சார்?” என்று கேட்டார். “போன பிறகு ஏதாவது வழி பிறக்கும்” என்று விடை வந்தது. அவை சிரித்தது. ஹவுராவில் ஆய்வு செய்யும் நானும், இங்கிருந்து சுமார் 1,660 கிலோமீட்டர் தொலைவில் சென்னையில் ஆய்வு செய்யும் என் இணையரும் இவ்வாண்டு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கவிருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருவரில் ஒருவருடைய ஐந்தாண்டு உழைப்பின் எதிர்காலத்தை ‘ஏதாவது வழி’ என்னும் சொல்லில் கட்டிவைக்க நான் ஆயத்தமாக இல்லை.

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘டிபென்டென்ட்’ என்பதற்குச் சார்ந்திருப்பவர் என்று பொருள். தன் காலில் நிற்க இயலாதவரைக் குறிக்கும் சொல் அது; குழந்தைக்குப் பொருந்தும், நோயுற்ற முதியவருக்குப் பொருந்தும். முனைவர் பட்டம் பெற்ற ஒருவர் தன் இணையருடன் வாழ விரும்புகிறார் என்னும் ஒரே காரணத்தால், குடியேற்றப் படிவத்தில் கைக்குழந்தைக்கு அடுத்த வரிசையில் எழுதப்படுகிறார். இவர் இயல்பில் சார்ந்திருப்பவர் அல்லர். சட்டத்தால் சார்ந்திருக்க வைக்கப்படுபவர். வேலை செய்யக் கூடாது என்று முதலில் தடுத்துவிட்டு, பிறகு வேலையற்றவர் என்று பெயர் சூட்டுவது நேர்மையான வகைப்பாடு ஆகாது.

இத்தடை எங்கும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதே என் வாதத்தின் முதல் சான்று. அமெரிக்காவைப் பாருங்கள். பல்கலைக்கழகம் ஒன்று முதுமுனைவர் ஆய்வாளர் ஒருவரை எச்-1பி வழியாகவும் அழைக்கலாம், ஜே-1 வழியாகவும் அழைக்கலாம். பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பும் குலுக்கலும் இல்லை. அந்த விசாவில் இருந்துகொண்டே க்ரீன் கார்டுக்கு முயலலாம். ஆதலால் நம்மவர் மதிப்பீட்டில் எச்-1பி உயர்ந்தது. ஜே-1 தற்காலிக ஏற்பாடு. 2025 செப்டம்பரில் வெளியான ஆணை, வெளிநாட்டிலிருந்து வருவோருக்கான புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் விதித்த பின்னரும் அந்த மதிப்பீடு மாறவில்லை. கிடைத்தால் எச்-1பி, கிடைக்காவிட்டால் ஜே-1 என்றே பேசுகிறார்கள்.

இரண்டாமவரின் பக்கம் திரும்பிப் பார்த்தால் காட்சி வேறு. ஜே-1 விசாவில் செல்பவரின் இணையருக்கு ஜே-2 கிடைக்கிறது. அவர் அங்கே சேர்ந்தவுடன் வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதி அட்டை வரச் சில மாதங்கள் ஆகலாம், ஆயினும் கதவு திறந்தே இருக்கிறது. எச்-1பி விசாவில் செல்பவரின் இணையருக்குக் கிடைப்பது எச்-4. அதில் படிக்கலாம், வேலை செய்யக் கூடாது. ஊதியம் பெறாமல் ஓர் ஆய்வகத்தில் உதவுகிறேன் என்றாலும், பொதுவாக ஊதியம் தரப்படும் பணியாக அது இருந்தால் சட்டத்தின் கண்ணில் அதுவும் வேலையே. 2015 மே 26 முதல் எச்-4 உடையோரில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி உண்டு. ஆனால் முதலாமவரின் க்ரீன் கார்டுக்கான தொடக்க மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது அவர் அந்த வரிசையில் நின்றுகொண்டு ஆறாண்டு வரம்பையும் கடந்து நீட்டிப்புப் பெற்றிருக்க வேண்டும். முதுமுனைவர் பணிக்கு எந்தப் பல்கலைக்கழகமும் எளிதில் அத்தகைய மனுவைத் தாக்கல் செய்வதில்லை. அந்தச் சிறு சலுகைக்கு எதிராகவும் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2015இல் தொடங்கிய வழக்கை 2025 அக்டோபரில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்க மறுத்த பிறகே ஓரளவு நிம்மதி பிறந்தது. பத்தாண்டுகள் இவர்களின் வேலை உரிமை நீதிமன்ற வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் பெண்கள்.

ஜே-1 குறையற்றது என்று நான் சொல்லவில்லை. அரசு நிதியில் செல்பவர்கள், எடுத்துக்காட்டாக ஃபுல்பிரைட்–நேரு நல்கை பெறுவோர், முடிந்ததும் ஈராண்டு தாய்நாட்டில் தங்கியாக வேண்டும்; அந்த நிபந்தனை ஜே-2 இணையரையும் கட்டும். ஆனால் பலரும் இன்னும் அறியாத ஒன்று உண்டு. இந்நிபந்தனைக்கு மற்றொரு காரணமாக இருந்த துறைத்திறன் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே பல்கலைக்கழக நிதியில் செல்லும் ஓர் அறிவியல் ஆய்வாளருக்கு ஜே-1 குறித்து முன்னோர் கூறிய அச்சங்களில் பாதி இன்று பொருந்தாது. மாணவர் விசாவில் செல்வோரின் இணையர் நிலையோ இவ்விரண்டையும் விடக் கீழானது: எஃப்-2 விசாவில் வேலையும் இல்லை, பட்டப்படிப்பில் முழுநேரமாகச் சேரவும் இயலாது. ஒரே நாடு, ஒரே விமான நிலையம், ஒரே ஆய்வகம். எழுத்தும் எண்ணும் மாறினால் இரண்டாமவரின் வாழ்க்கை முழுவதும் மாறிவிடுகிறது.

பிற நாடுகளையும் சுருக்கமாகப் பார்க்கலாம். ஜெர்மனியில் ஆய்வாளராகவோ நீல அட்டை பெற்றோ செல்பவரின் இணையர், குடும்ப இணைவு அனுமதியுடனேயே எந்த வேலையும் செய்யும் உரிமையைப் பெறுகிறார். இவ்விரு வழிகளிலும் முன்கூட்டியே ஜெர்மன் மொழித் தேர்வு எழுதிக் காட்ட வேண்டும் என்னும் விதியும் அவருக்கு இல்லை. பிரிட்டனில் திறன்மிகு பணியாளரின் இணையர் ஏறக்குறைய எல்லா வேலைகளும் செய்யலாம். ஆனால் 2024 ஜனவரி 1 முதல், மாணவர்களில் முனைவர் பட்டம் போன்ற ஆய்வுப் படிப்பினர் மட்டுமே குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியும். வகுப்பறை வழி முதுகலை படிப்பவர் தனியாகத்தான் போக வேண்டும். கனடாவில் 2025 ஜனவரி 21 முதல் மாணவர்களின் இணையருக்கான திறந்த வேலை அனுமதி சுருக்கப்பட்டது. முனைவர் பட்ட மாணவரின் இணையருக்கு அது இன்னும் உண்டு. சிங்கப்பூரில் 2021 மே 1 முதல், சார்ந்திருப்போர் அனுமதியில் வாழ்பவர் வேலையில் சேரத் தனக்கென ஒரு வேலை அனுமதியைப் பெற்றாக வேண்டும்; முன்பிருந்த எளிய இசைவுக் கடிதம் போய்விட்டது. ஜப்பானில் உடன் வந்தவர் தனி அனுமதி பெற்று வாரம் 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம்.

இவ்வேறுபாடுகளிலிருந்து நான் எடுக்கும் முடிவு எளியது. இணையர் வேலை செய்வதால் ஒரு நாடு மூழ்கிவிடும் என்றால் ஜெர்மனி என்றோ மூழ்கியிருக்க வேண்டும். தடை என்பது இயற்கை விதி அன்று. அது ஓர் அரசு எடுத்த முடிவு. முடிவு என்பதால் அதை மதிப்பிடலாம், மறுக்கலாம், அதைத் தவிர்த்து வேறு வழியைத் தேர்ந்தெடுக்கவும் செய்யலாம். ‘வெளிநாடு’ என்று ஒரே சொல்லில் அடக்கிப் பேசும் நம் வழக்கம் அந்தத் தேர்வை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

வேலை அனுமதியை விட்டுவிட்டு நிரந்தர வசிப்புரிமைக்கே நேராக விண்ணப்பிக்கும் வழியிலும் இணையர் எடைபோடப்படுகிறார். கனடாவின் புள்ளி முறையில் தனியாக விண்ணப்பிப்பவரின் அடிப்படைத் தகுதிகளுக்கு உச்ச அளவு 500 புள்ளிகள். இணையருடன் விண்ணப்பித்தால் முதன்மை விண்ணப்பதாரருக்கு 460, இணையருக்கு 40. அந்த நாற்பதில் மொழித்திறனுக்கு 20, கல்விக்கு 10, கனடாவில் வேலை செய்த அனுபவத்துக்கு 10. ஒருவருடைய பள்ளி, கல்லூரி, ஆய்வுப் பட்டம் எல்லாம் சேர்ந்து பத்துப் புள்ளி! ஆஸ்திரேலியாவிலோ, திறன் மதிப்பீடு பெற்ற இணையர் இருந்தால் 10 புள்ளி. ஆங்கிலம் மட்டும் அறிந்த இணையர் என்றால் 5. மணமாகாதவர் என்றால் அவருக்கும் அதே 10. திறனற்ற இணையரோடு வருவதைக் காட்டிலும் தனியாக வருவது மேல் என்று ஓர் அரசு எண்ணாலேயே சொல்லிவிடுகிறது. ஆயினும் இவ்வழியில் ஒரு நன்மை உண்டு. இருவரில் யார் முதன்மை விண்ணப்பதாரர் என்பதை இணையரே முடிவு செய்யலாம். உள்ளே நுழைந்தபின் இருவரும் சம உரிமையுடைய நிரந்தர வசிப்பாளர்கள். எனவே இரண்டு பெயரையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கணக்கிட்டுப் பாருங்கள். கணவரின் பெயரை முதலில் போட்டு, வந்த கூட்டுத்தொகையோடு நின்றுவிடும் வீடுகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

இது இன்றைக்குத் தோன்றிய சிக்கல் என்று எண்ண வேண்டாம். நான் வாழும் ஹவுராவில், சிவ்பூர் தாவரவியல் பூங்காவின் கரையில் நின்றால் ஹூக்ளியின் எதிர்ப்புறம் கார்டன் ரீச் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகக் கடல் கடந்தவர்களைத் தங்கவைத்த முகாம்கள் அந்தக் கரையில் இருந்தன. சுரினாமுக்குச் சென்ற முதல் கப்பலான ‘லாலா ரூக்’ 1873இல் கல்கத்தாவிலிருந்தே புறப்பட்டது. அந்தப் பயணத்தின் நினைவாக, மூட்டையோடு நிற்கும் ஓர் ஆணும் பெண்ணுமாக ஒரு சிலை 2015இல் சுரினாம் துறையில் நிறுவப்பட்டது. வேலைக்காகக் கடல் கடக்கும் இணையருக்கு இந்நகரம் வைத்திருக்கும் நினைவுச் சின்னம் அது.

அந்த ஒப்பந்த முறை கொடியது. அதற்கு நற்சான்று வழங்குவது என் நோக்கமன்று. ஆனால் அதன் ஆவணங்கள் ஓர் உண்மையைக் காட்டுகின்றன. 100 ஆண்களுக்கு 40 பெண்கள் கப்பலேற வேண்டும் என்று அரசு விதித்திருந்தது. ஃபிஜிக்குச் சென்ற பெண் தன் பெயரிலேயே ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கட்டுண்டாள். அவளுக்கெனத் தனிக் குடியேற்றச் சீட்டும் இருந்தது. ஒரு நாள் வேலைக்கு ஆணுக்கு ஒரு ஷில்லிங் என்றால் அவளுக்கு ஒன்பது பென்ஸ். கூலி குறைவு, கொடுமை மிகுதி. எனினும் ஏட்டில் அவள் உழைப்பாளி. அவளுடைய உழைப்பு தோட்ட முதலாளிக்குத் தேவைப்பட்டது, ஆதலால் அவளுக்குத் தனித்தாள் கிடைத்தது. இன்றைய அரசுக்கு இருவரில் ஒருவரின் உழைப்பு மட்டுமே தேவை. மற்றவர் அந்த உழைப்பாளி மனம் சோர்ந்து திரும்பிவிடாமல் இருப்பதற்கான ஏற்பாடு. பெண்ணுக்கு மரியாதை எவ்வளவு என்பதை வைத்து எந்தக் காலத்திலும் தாள் எழுதப்படவில்லை. யாருக்கு எவருடைய உழைப்பு தேவை என்பதை வைத்தே எழுதப்பட்டது.

யார் மனைவி என்பதையும் அரசே முடிவு செய்தது. 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு, பலதார மணத்தை அனுமதிக்கும் சமயங்களின் முறைப்படி நடந்த திருமணங்கள் குடியேற்றச் சட்டத்தின் முன் செல்லாது என்றது. ஒரே நாளில் இந்து, இசுலாமியப் பெண்களின் மனைவி என்னும் தகுதி கேள்விக்குள்ளானது. அதற்கு எதிராகச் சிறை சென்றவர்களில் முன்னின்றவர்கள் டிரான்ஸ்வாலின் தமிழ்ப் பெண்கள். நியூகாசிலுக்குச் சென்று நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தவர்கள் அவர்களே. அந்தப் போராட்டத்தில் சிறை சென்று, நோயுற்று, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தவரே தில்லையாடி வள்ளியம்மை. அவ்வாண்டே இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் மனைவியின் நுழைவுரிமையை ஏற்றது. வள்ளியம்மையைப் பாடப்புத்தகத்தில் விடுதலைப் போராட்டத் தியாகியாக மட்டும் படித்தோம். அவர் உயிர் கொடுத்த போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று இணையரின் குடியேற்ற உரிமை என்பதை எவரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

பிரிட்டனிலும் இக்கதை தொடர்ந்தது. அங்கே வாழ்ந்த மூன்று பெண்கள், மனைவியை அழைத்துவர ஆணுக்கு இருந்த உரிமை கணவரை அழைத்துவரத் தங்களுக்கு இல்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சென்றனர். 1985 மே 28 அன்று, இது பால் அடிப்படையிலான பாகுபாடு என்று தீர்ப்பு வந்தது. அரசு என்ன செய்தது? பெண்களுக்கு உரிமையை உயர்த்தவில்லை. மனைவியரை அழைக்கும் ஆண்களுக்கும் அதே கெடுபிடிகளை விரித்துச் சமத்துவம் நிறுவியது. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பாமல், மேட்டையும் பள்ளமாக்கும் சமத்துவம் அது. சட்டம் திருத்தப்பட்டது என்ற செய்தியைக் கேட்டு மகிழும் முன், எத்திசையில் திருத்தப்பட்டது என்று கேட்க இந்த வரலாறு கற்றுத் தருகிறது.

எந்த மணம் செல்லும் என்னும் கேள்வி இன்றும் முடியவில்லை. அமெரிக்காவின் சார்பு விசாக்களுக்குச் சட்டப்படியான திருமணம் வேண்டும். தன்பாலின இணையரின் திருமணத்தை ஏற்க 2023 அக்டோபர் 17 அன்று நம் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆகவே இந்தியாவில் பல்லாண்டு சேர்ந்து வாழும் ஒரு தன்பாலின இணையர், திருமணத்தை ஏற்கும் வேறொரு நாட்டில் மணந்தாலொழிய அந்த வாசலை அணுகவே முடியாது. பிரிட்டன் மணமாகாத இணையரையும் உரிய சான்றுகளோடு ஏற்கிறது. இந்த வேறுபாட்டை நம் வழிகாட்டுக் கூட்டங்களில் ஒருவரும் சொல்வதில்லை. கேட்க வேண்டியவர்களோ அவையில் கேட்க அஞ்சுகிறார்கள்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன்.

“இது நடைமுறை அறிவு, யாருக்கு நல்ல வாய்ப்பு வருகிறதோ அவர் பின்னே மற்றவர் போவதில் என்ன தவறு?” என்பார்கள். தவறில்லை, அந்த ‘யார்’ உண்மையிலேயே திறந்த கேள்வியாக இருக்குமானால். நம் வீடுகளில் அக்கேள்விக்கு விடை முன்பே எழுதப்பட்டிருக்கிறது. மனைவியின் விசாவில் உடன் செல்லும் ஆணை வீட்டோடு மாப்பிள்ளை என்று ஏளனம் செய்யும் அதே வாய், கணவனின் விசாவில் செல்லும் பெண்ணைக் கொடுத்துவைத்தவள் என்று வாழ்த்துகிறது. ஏளனம் ஒரு பக்கம், வாழ்த்து மறுபக்கம். இரண்டும் சேர்ந்துதான் தராசைச் சாய்க்கின்றன. பிரிட்டனுக்குச் செவிலியராகச் சென்ற தென்னிந்தியப் பெண்களைப் பாருங்கள். அங்கே முதன்மை விண்ணப்பதாரர் மனைவி. கணவர் உடன் சென்றவர். குடும்பம் சிதைந்துவிடவில்லை, வானமும் இடிந்து விழவில்லை.

“இரண்டு மூன்று ஆண்டுதானே, தற்காலிகம்” என்பது அடுத்த மறுப்பு. ஆய்வு வாழ்வில் இரண்டு ஆண்டு எவ்வளவு நீளம் என்பதை ஆய்வாளர்களுக்கே விளக்க வேண்டியிருப்பது விந்தை. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில்தான் கட்டுரைகள் வெளியாகின்றன, பரிந்துரைக் கடிதங்கள் உருவாகின்றன, நல்கைகளுக்கும் உதவிப் பேராசிரியர் பணிக்கும் உரிய காலக்கெடு ஓடுகிறது. பணிவாழ்வில் இடைவெளி விழுந்த பெண் அறிவியலாளர்களைத் திரும்ப அழைக்கவென்றே இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002 வாக்கில் ஒரு தனித்திட்டத்தைத் தொடங்கியது. நல்ல திட்டம், பலர் பயன்பெற்றனர். ஆனால் பெண்கள் விழுவதை முன்கூட்டியே எதிர்பார்த்துக் கீழே வலை கட்டும் ஓர் அமைப்பு, அவர்களை விழவைக்கும் கயிற்றை ஏன் அறுப்பதில்லை என்னும் கேள்வி எஞ்சி நிற்கிறது.

“அவளே விரும்பித்தான் போகிறாள்” என்பது மூன்றாவது. முழுத் தகவலும் கையில் இல்லாத இடத்தில் விருப்பம் என்னும் சொல்லுக்குப் பொருளில்லை. எச்-4 இல் வேலை செய்ய முடியாது என்பதை அறிந்தே ஒருவர் செல்கிறார், படைப்பு எழுத்துக்கோ குழந்தை வளர்ப்புக்கோ அந்த ஆண்டுகளைத் தர விரும்புகிறார் என்றால் அவருடைய முடிவை விமரிசிக்க எனக்கு உரிமையில்லை. என் சினம், தெரிந்து தேர்ந்தவர்மீது இல்லை. தெரிவிக்காமல் அழைத்துச் செல்லும் வழக்கத்தின்மீது.

சார்பு விசாவின் மிகக் கொடிய பக்கத்தைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை. அது வேலையைப் பற்றியதும் அன்று. 2017 பிப்ரவரி 22 அன்று கான்சாஸ் மாநிலத்தின் ஓலேத் நகரில், ஹைதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லா இனவெறியால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியின் தங்குரிமை கணவரின் விசாவைச் சார்ந்திருந்தது. கணவரோடு அதுவும் போனது. இறுதிச் சடங்குக்காக இந்தியா வந்தவர், தன் வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பிச் செல்ல அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் தலையீடு தேவைப்பட்டது. நாடே பேசிய ஒரு கொலையில் இந்நிலை என்றால், சத்தமின்றி நிகழும் இறப்பிலும், மணமுறிவிலும், மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் அடியிலும் உதையிலும் என்ன நிலை? விசாவை இழக்க அஞ்சி வன்முறையைப் பொறுத்துக்கொள்ளும்படி ஒருவரை வைக்கும் விதியைக் குடும்பநலம் என்று அழைக்க என்னால் இயலாது.

ஆகவே, பணி ஆணையில் கையெழுத்திடும் முன் இருவரும் ஒன்றாக அமர்ந்து ஆறு கேள்விகளுக்கு விடை எழுதுங்கள். வாய்ச்சொல் போதாது, விடை அந்நாட்டு அரசின் விதியிலிருந்து வர வேண்டும்.

1. இரண்டாமவர் எந்த நாளிலிருந்து வேலை செய்யலாம்? நுழைந்த அன்றா, அனுமதி அட்டை வந்த பிறகா, அல்லது முதலாமவரின் வேறொரு மனு ஏற்கப்பட்ட பிறகா?

2. எத்தகைய வேலை? மணிக்கணக்கில் வரம்பு உண்டா? பகுதிநேரமாகக் கற்பிக்கலாமா? ஊதியமற்ற ஆய்வு குற்றமாகுமா?

3. முதலாமவர் வேலையை இழந்தால் எத்தனை நாள் அவகாசம்? அமெரிக்காவில் எச்-1பி உடையவருக்கு அதிகபட்சம் 60 நாள். உடன் சென்றவருக்கும் அதே கெடுதான்.

4. முதலாமவர் இறந்தாலோ, மணவாழ்வு முறிந்தாலோ, வன்முறை நேர்ந்தாலோ இரண்டாமவருக்குத் தனித்த தங்குரிமை உண்டா? ஜெர்மனியில் பொதுவாக மூன்றாண்டு மணவாழ்வுக்குப் பின் அது கிடைக்கிறது. நீங்கள் செல்லும் நாட்டில்?

5. அந்நாட்டை விட்டு வெளியேறாமலே இரண்டாமவர் தன் பெயரில் வேறொரு விசாவுக்கு மாற முடியுமா?

6. இரண்டாமவரின் செலவை யார் ஏற்கிறார்? பிரிட்டனின் நலவாழ்வுக் கட்டணம் மட்டும், பணியாளர் வழியில், வளர்ந்தவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. மூன்றாண்டுக்கு 3,105 பவுண்டு, அதுவும் முன்பணமாக. மாதம் 37,000 ரூபாய் பெறும் ஓர் இளநிலை ஆய்வாளரின் எட்டு மாதத்துக்கும் மேற்பட்ட உதவித்தொகை அது.

இவற்றைக் கேட்பதால் எல்லாருக்கும் நல்வழி கிடைத்துவிடும் என்று நான் பசப்பவில்லை. சாதி, வர்க்கம், துறை ஆகியவை நம் தேர்வுகளைச் சுருக்குகின்றன. ஒரே ஒரு பணி ஆணை கையில் இருக்கும்போது, கடனும் வீட்டுப் பொறுப்பும் அழுத்தும்போது, எச்-4 ஐயும் ஏற்றுக்கொண்டு போக வேண்டியவர்கள் உண்டு. அவர்களுக்கும் இக்கேள்விகள் பயன்படும். என்ன இழக்கப்படுகிறது என்று இருவருக்கும் தெரிந்திருந்தால், அந்த இழப்பை இருவரும் சுமக்கலாம். தெரியாதபோது ஒருவர் மட்டுமே சுமக்கிறார். மற்றவர் சுமை இருப்பதையே அறியாமல் வாழ்கிறார்.

நம் துறைகளுக்கும் ஒரு கோரிக்கை. வெளிநாட்டு வாய்ப்புகளைப் பற்றி நடத்தும் ஒவ்வொரு கூட்டத்திலும், அழைப்பு விடுக்கும் பல்கலைக்கழகத்திடம் “உடன் வருபவரின் விசா எது, அவருடைய வேலை உரிமை என்ன?” என்று எழுத்தில் கேட்டு, விடையை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். எச்-1பி, ஜே-1 இரண்டும் சாத்தியம் என்றால் எதைத் தருவது என்பதைப் பல்கலைக்கழக அலுவலகம் தன் வசதிக்கேற்ப முடிவு செய்துவிடுகிறது. கேட்டால் மாற்றித் தரும் இடங்களும் உண்டு. கேட்பதற்கு மாணவர் கூசலாம், நெறியாளர் கூச வேண்டியதில்லை. மாணவியிடம் “உன் கணவர் என்ன முடிவு செய்திருக்கிறார்?” என்று வினவும் பேராசிரியர்கள் அதே கேள்வியை மாணவனிடம் மாற்றிக் கேட்டுப் பழகட்டும்.

நானும் என் இணையரும் எங்களுக்கென ஒரு விதி வகுத்திருக்கிறோம். உடன் வருபவர் வேலைக்கு உரிமை கோரவே முடியாத எந்த வழியிலும், வாய்ப்பு யாருக்கு வந்தாலும், விண்ணப்பிப்பதில்லை. இதனால் எங்கள் பட்டியலிலிருந்து சில புகழ்பெற்ற பெயர்கள் நீங்கிவிட்டன. நண்பர்கள் சிலர் பிழைக்கத் தெரியாதவர்கள் என்கிறார்கள். இருக்கட்டும். இருவரும் பிழைக்கும் வழியையே தேடுகிறோம்.

ஆஸ்திரியா, நெதர்லாந்து, தென்கொரியா, வளைகுடா நாடுகள் என நான் தொடாத இடங்களில் உடன் சென்று வாழ்ந்தவர்கள் உங்கள் விசாவின் விதியையும் ஆண்டையும் குறிப்பிட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். என் வாதத்தை மறுப்பவர்களும் எழுதுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள், முதலில் உங்கள் இணையரிடம் காட்டிவிட்டு எழுதுங்கள்.